கற்பனையில் ஒரு ஜெர்மன் டூரிங் கார் அணி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிம் ரேசிங் ஆடுபவர்களும் மாற்று வரலாற்றுக் கதை எழுதுபவர்களும் சொந்தமாக ஒரு பந்தய அணியை உருவாக்கி, அதற்கு முப்பது நாற்பது வருட வரலாறும் எழுதுகிறார்கள். அதில் ஜெர்மன் டூரிங் கார் அணி, அதாவது சாலையில் ஓடும் கார் மாடல்களைப் பந்தயத்துக்கு மாற்றி ஓட்டும் அணி, என்றால் தனி மோகம். புதிதாக எழுதுபவர்கள் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்புவதை வாசிக்கும்போதெல்லாம், ஆரம்பத்தில் எங்களில் பலர் செய்த அதே தவறுகள் அப்படியே திரும்பி வருவதைப் பார்க்கிறேன். ஓட்டுநர் பெயரில் எழுத்துப்பிழை, குதிரைசக்தியில் கணக்குப்பிழை போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை, ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம். கதையின் அடித்தளத்தையே ஆட்டுகிறவை மட்டும்.

வந்த வருடமே எல்லாப் பந்தயமும் வெல்வது

டிடிஎம் என்ற ஜெர்மன் டூரிங் கார் போட்டியின் வரலாறு இதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறது. 1984-இல், அப்போது அதன் பெயர் ஜெர்மன் புரொடக்‌ஷன் கார் சாம்பியன்ஷிப், முதல் பட்டம் பெற்றவர் ஃபோல்கர் ஸ்ட்ரைசெக். பிஎம்டபிள்யூ 635 சிஎஸ்ஐ ஓட்டினார், அந்த சீசனில் ஒரு பந்தயம்கூட வெல்லவில்லை. 1987-இல் எரிக் வான் டி போலேயும் அப்படித்தான், ஒரு வெற்றியும் இல்லாமல் பிஎம்டபிள்யூ எம்3 காரில் சாம்பியன். வாராவாரம் நான்காவதும் ஐந்தாவதுமாக முடித்துப் புள்ளி சேர்க்கும் அணியைப் பற்றி எழுதிப் பாருங்கள், அதில்தான் கதை இருக்கிறது. கடைசிப் பந்தயத்தில் கியர்பாக்ஸ் தாங்குமா என்ற கவலை, தொடர்ந்து ஜெயிக்கிற அணியைவிட இந்த அணிக்குத்தான் அதிகம்.

பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி மட்டும்தான் என்று நினைப்பது

1985-இல் பட்டம் வென்றது வோல்வோ 240 டர்போ. 1986-இல் ரோவர். 1988-இல் ஃபோர்டு சியரா. 1993-இல் ஆல்ஃபா ரோமியோ. முடிந்தது.

1997, 1998, 1999

எனக்கு இன்றும் எரிச்சல் வரவழைப்பது இந்தத் தவறுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். 1984-இல் தொடங்கிய டிடிஎம் இடைவெளி இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நம்பி எழுதிவிடுகிறார்கள். 1996 சீசன் முடிந்ததும் போட்டியே நின்றுபோனது. 2000-இல்தான் மறுபடி தொடங்கியது. நடுவில் மூன்று சீசன்களுக்கு டிடிஎம் என்று ஒன்று கிடையாது.

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி தன் அணியின் முழு வரலாற்றையும் அனுப்பியிருந்தார். நல்ல எழுத்து. ஒவ்வொரு சீசனுக்கும் காரின் பெயின்ட் டிசைனை அவரே வரைந்திருந்தார், கதவில் எண், முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் ஸ்பான்சர் பட்டை, பின்பக்கக் கண்ணாடியில் ஓட்டுநர் பெயர் என்று ஒன்றும் விடவில்லை. அதிலேயே அழகானது 1998 கார், வெள்ளி நிற மெர்சிடிஸ் சி-கிளாஸ், மஞ்சள் பட்டை. அந்த வருடம் அணி ஹாக்கன்ஹைம் பந்தயத் தளத்தில் டிடிஎம் பட்டம் வெல்கிறது. அந்தப் பட்டத்தால் புது ஸ்பான்சர் வருகிறார், அவர் பணத்தில் புதிய பட்டறை எழுகிறது, அங்கே தொழில் கற்ற பையன்தான் 2005-இல் அணியின் மேலாளர். 1998-ஐ உருவி எடுத்தால் பின்னால் எதுவும் நிற்காது. வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை. முதல் நாளே யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போதும், அதுதான் வருத்தம்.

போட்டி ஏன் நின்றது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் தனியார் அணி ஒன்றின் வாழ்வும் சாவும் அதில்தான் இருக்கிறது. 1993-இல் விதிகள் மாறின: இரண்டரை லிட்டர், அதிகபட்சம் ஆறு சிலிண்டர், அதைத் தாண்டித் தொழில்நுட்பத்துக்கு ஏகப்பட்ட சுதந்திரம். ஆல்ஃபா 155 நான்கு சக்கர இயக்கத்தோடு வந்து முதல் வருடமே நிக்கோலா லரினிக்குப் பட்டம் வாங்கித் தந்தது. அப்புறம் ஏபிஎஸ், மின்னணுவால் இயங்கும் பாகங்கள் என்று ஒவ்வொரு வருடமும் செலவு ஏறியது. 1995-இல் ஜெர்மன் போட்டியோடு ஒரு சர்வதேசத் தொடரும் சேர்ந்து ஓடியது. 1996-இல் இரண்டும் ஒன்றாகி, ஐடிசி என்ற பெயரில், பிரேசிலின் இன்டர்லாகோஸ், ஜப்பானின் சுசுகா வரை போனது. மூன்றே மூன்று கம்பெனிகள். அந்த வருடம் ஓப்பல் கலிப்ராவில் மானுவேல் ராய்ட்டர் பட்டம் வென்றார், வென்ற ஓப்பலே சீசன் முடிவில் விலகியது, ஆல்ஃபாவும் விலகியது. மெர்சிடிஸ் மட்டும் தனியாக யாரோடு ஓடுவது?

உங்கள் அணி அந்தக் குளிர்காலத்தில் எங்கே நிற்கிறது என்று யோசியுங்கள். பட்டறையில் ஒரு கார் இருக்கிறது, அதை ஓட்ட ஜெர்மனியில் போட்டி இல்லை. பக்கத்திலேயே எஸ்டிடபிள்யூ என்ற இரண்டு லிட்டர் டூரிங் கார் தொடர் நடக்கிறது, ஆனால் விதிகளே வேறு, சி-கிளாஸையோ கலிப்ராவையோ அங்கே கொண்டுபோக முடியாது. புது கார், புது உதிரிபாகம், புது கம்பெனியோடு பேச்சுவார்த்தை. அல்லது நியூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயம். அல்லது ஒரே மாடல் போர்ஷே கார்கள் மட்டும் ஓடும் போர்ஷே கரேரா கப். அல்லது பந்தயத்தை மூட்டை கட்டிவிட்டு, வாடிக்கையாளர்களின் சாதாரண கார்களுக்கு எஞ்சின் ட்யூனிங் செய்து பட்டறையைக் காப்பாற்றுவது. யாரை வேலையிலிருந்து அனுப்புவது, லாரியை விற்பதா வேண்டாமா, முதலாளி வங்கிக்குப் போகிறாரா என்பதெல்லாம் இங்கேதான் வரவேண்டும்.

உண்மை அணிகள் என்ன செய்தன என்று பார்த்தாலே வழி கிடைக்கும். கெம்ப்டனின் ஆப்ட் அணி எஸ்டிடபிள்யூவில் ஆடி ஓட்டியது. 1999-இல் கிறிஸ்டியான் ஆப்ட் அங்கே சாம்பியன். 2000-இல் டிடிஎம் திரும்பியபோது ஆடி அதிகாரபூர்வமாக இறங்கவில்லை, ஆப்ட் தன் முயற்சியில் ஆடி டிடி-ஆர் காரைக் கட்டிக்கொண்டு வந்தது, 2002-இல் லோரான் அயெல்லோ அதில் பட்டம் வென்றார். இந்த ஆறு வருடக் கதையைக் கற்பனையால் மிஞ்சுவது கடினம். அந்தத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். 1998-ஐத் தூக்கிவிட்டு, அதே பட்டறையை மூடும் நிலைக்குக் கொண்டுபோய் எழுதினார், இரண்டாவது பிரதி முதலாவதைவிட எவ்வளவோ மேல்.

இதே வகையில் இன்னொன்று: 1992-க்குப் பிறகு பிஎம்டபிள்யூ டிடிஎம்மில் இல்லை, 2012-இல்தான் திரும்பியது. 1995-இல் டிடிஎம்மில் பிஎம்டபிள்யூ ஓட்டும் அணி என்று எழுதாதீர்கள். அது எஸ்டிடபிள்யூவில் 318ஐஎஸ் ஓட்டிய அணியாகத்தான் இருக்கமுடியும்.

1986 காரில் டி2 ஸ்டிக்கர்

ஜெர்மனியில் டி2 என்ற மொபைல் சேவை தொடங்கியதே 1992-இல்.

அணிக்கு ஊர் வைக்காமல் விடுவது

"ஜெர்மனியைச் சேர்ந்த அணி" என்று மட்டும் எழுதினால் ஒன்றும் கண்ணில் தெரிவதில்லை. இந்த அணிகள் பெரும்பாலும் சின்ன ஊர்க்காரர்கள். ஷ்னிட்சர் அணி ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய ஃப்ரைலாசிங்கில் இருந்தது. ஸாக்ஸ்பீட் ஐஃபெல் மலைப்பக்கம் நீடர்ட்ஸிஸனில். ஆப்ட் குடும்பத்தின் தொழில் 1896-இல் கெம்ப்டனில் ஒரு கொல்லன் பட்டறையாகத் தொடங்கியது. ஏஎம்ஜி 1967-இல் பர்க்‌ஷ்டால் என்ற ஊரின் பழைய மாவு ஆலை ஒன்றில் வேலையை ஆரம்பித்தது. ஆகவே உங்கள் முதலாளிக்கு ஒரு தொழில் கொடுங்கள், கார் விற்பனையோ, ட்யூனிங்கோ, மெக்கானிக் கடையோ. பந்தயத்துக்கு முந்தைய இரவு கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்க, காலையில் வாடிக்கையாளருக்குத் தரவேண்டிய காரை ஓரமாகத் தள்ளிவிட்டு, பந்தயக் காரின் அச்சைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஒரு காட்சி, பத்து வெற்றிகளின் பட்டியலைவிட அணியை நமக்கு நெருக்கமாக்கும்.

சுவர் இருந்த காலத்தில் கிழக்கே போவது

முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் இருக்கும் பந்தயத் தளங்களில் லாசிட்ஸ்ரிங் 2000-இல் திறந்தது, ஓஷர்ஸ்லேபன் 1997-இல். 1988-இல் உங்கள் அணிக்குப் பந்தயம் வேண்டுமென்றால் நோரிஸ்ரிங், அவுஸ், அல்லது மைன்ஸ்-ஃபின்தன், வுன்ஸ்டார்ஃப் விமானத்தளங்கள். விமானத்தளப் பந்தயங்களை யாரும் எழுதுவதே இல்லை. வைக்கோல் கட்டுகளுக்கும் டயர் அடுக்குகளுக்கும் நடுவே கான்கிரீட் ஓடுபாதையில் காரை விரட்டுவதை ஒரு அத்தியாயமாகவே எழுதலாம்.

பெண் ஓட்டுநர் என்றால் நம்ப முடியாது என்று வெட்டிவிடுவது

எல்லன் லோர் 1992-இல் ஹாக்கன்ஹைமில் டிடிஎம் பந்தயம் வென்றார். வெட்டாதீர்கள்.

தாள்களில் சறுக்குவது

சிலர் அணியின் பழைய கடிதங்கள், ஒப்பந்தங்கள் எல்லாம் உருவாக்கி இணைக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆனால் 1987 கடிதத்தின் தலைப்பில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் போச்சு, ஜெர்மனியில் அது 1993 ஜூலையில்தான் வந்தது, அதற்கு முன் நான்கு இலக்கம். 2001 வரை தொகைகள் எல்லாம் மார்க்கில். அபராதக் கடிதம் வந்தால் 1997-க்கு முன் ஜெர்மன் மோட்டார் பந்தயங்களை நிர்வகித்த ஓஎன்எஸ் அமைப்பிடமிருந்து வரட்டும், அதன் இடத்துக்கு வந்த டிஎம்எஸ்பி பிறகுதான் பிறந்தது.

2020-க்குப் பிறகும் தொழிற்சாலை அணியாகவே வைத்திருப்பது

தொழிற்சாலை அணி என்றால் கார் கம்பெனியே காரும் பணமும் கொடுத்து நடத்துவது. மெர்சிடிஸ் 2018 முடிவில் டிடிஎம்மை விட்டுப் போனது, ஆடி 2020 முடிவில். 2021 முதல் டிடிஎம்மில் ஓடுவது ஜிடி3 கார்கள், கம்பெனிகள் தனியார் அணிகளுக்கு விலைக்கு விற்கிறவை. 2000-களில் சின்ன அணிகளுக்குப் போன வருட காரைத்தான் கொடுத்தார்கள். 2011-இல் மார்ட்டின் டோம்சிக் அப்படி ஒரு பழைய ஆடியில்தான் சாம்பியன் ஆனார். இப்போது உங்கள் முதலாளி பணம் கட்டினால் முன்னணி அணி வைத்திருக்கும் அதே மாடல் காரை வாங்கிவிடலாம். 2023 முதல் போட்டியை நடத்துவது ஜெர்மன் கார் ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி. 2021-க்குப் பிந்தைய வருடங்களில் உங்கள் முதலாளி கார் கம்பெனியின் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருப்பதாக எழுதாதீர்கள், டயர் பில்லையும் விபத்துச் செலவையும் சமாளிக்க ஸ்பான்சர் தேடி அலைவதாக எழுதுங்கள்.