சிரிஞ்சில் இழை பிழிவோம்: உயிர் அச்சிடலுக்கு ஒரு முதல் பாடம்

உயிர் அச்சிடல் என்றவுடன் இதயத்தையோ சிறுநீரகத்தையோ அடுக்கடுக்காகக் கட்டித் தரும் இயந்திரம்தான் பலருக்கும் நினைவில் எழுகிறது. தண்டையார்பேட்டையில் பிளஸ் டூ மாணவர்களுக்கு மாலை வேளையில் செய்முறை சொல்லித் தரும் எனக்கோ, இயந்திரத்தைவிட அதற்குள் உயிரணுக்களோடு நிரப்பப்படும் கூழே முதலில் கற்கத் தக்கதாகத் தோன்றுகிறது. ஊசிக்குள் இருக்கும்போது தடையின்றி ஒழுகி, வெளியே வந்ததும் உருக்குலையாமல் நிற்க வேண்டிய அந்தக் கூழை உயிர் மை என்பார்கள். உயிரணு எதையும் தொடாமல், ஒரு சிரிஞ்சைக் கொண்டே அதன் குணத்தை அறியலாம்.

தேவையானவை: சோடியம் ஆல்ஜினேட் (பழுப்புக் கடல்பாசியிலிருந்து எடுக்கும் தூள்) 2 கிராம், கால்சியம் குளோரைடு 2 கிராம், காய்ச்சி வடித்த நீர் 200 மில்லி, 5 மில்லி சிரிஞ்சு, 18 கேஜ், 25 கேஜ் ஊசிகள், இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள், பாதுகாப்புக் கண்ணாடி. இரசாயனங்களைப் பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவில் விசாரிக்கலாம். கேட்கும்போது ‘கடல்பாசி’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மண்ணடியில் நோன்பு மாதத்தில் செய்யும் கடல்பாசி இனிப்புக்கு உதவுவது சிவப்புப் பாசியிலிருந்து வரும் அகர். அது ஆறினால் உறைந்து, நன்றாகச் சூடேற்றினால் உருகும். பழுப்புப் பாசியிலிருந்து எடுக்கப்படும் ஆல்ஜினேட்டோ குளிர்ச்சியால் அல்ல, கால்சியத்தால் உறைவது. உயிரணுக்களைச் சூட்டில் வாட்டாமல் உடல் வெப்பநிலையிலேயே உறைய வைக்கலாம் என்பதால்தான் ஆய்வகங்கள் அதை விரும்புகின்றன.

முதலில் கரைசலைத் தயாரிக்க வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவதும் இங்கேதான். முதல் முறை நான் தெருவின் அடிபம்பு நீரிலேயே ஆல்ஜினேட்டைக் கரைக்கப் போய், எவ்வளவு கலக்கியும் திப்பி திப்பியாக நின்ற ஒரு கலவையோடு மாலை முழுவதையும் வீணாக்கினேன். உப்பேறிய நிலத்தடி நீரில் ஏற்கெனவே கால்சியம் இருக்கிறது. தூள் நன்றாகக் கரைவதற்கு முன்பே அது வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஆகவே காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள். நீர் சரியாக இருந்தாலும், கேழ்வரகு மாவை ஒரேயடியாகக் கொட்டினால் கூழ் கட்டி தட்டுவதுபோல் இதுவும் கட்டி தட்டும். 100 மில்லி நீரைச் சுழலக் கலக்கிக்கொண்டே தூளைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி, குமிழிகள் அடங்க இரவு முழுவதும் மூடி வையுங்கள்.

மறுநாள், மீதமுள்ள 100 மில்லி நீரில் கால்சியம் குளோரைடைக் கரையுங்கள். கரையும்போது சூடு எழும். கண்ணாடி அணிந்தே செய்யுங்கள்.

இனி 18 கேஜ் ஊசியைப் பொருத்தி, அதன் முனை கால்சியக் கரைசலுக்குச் சற்று மேலே இருக்கும்படி பிடித்து, இடியாப்பம் பிழியும் சீரான அழுத்தத்தோடு தள்ளுங்கள். முனை கரைசலுக்குள் அமிழ்ந்தால் துளையிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். கீழே விழும் இழை நொடிப்பொழுதில் கெட்டிப்படும்: கால்சிய அயனி ஒவ்வொன்றும் அருகருகே உள்ள இரு ஆல்ஜினேட் சங்கிலிகளைக் கோத்துப் பிடிக்கிறது. பிறகு 25 கேஜ் ஊசியை மாற்றிப் பாருங்கள். முன்னதன் உட்துளை ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர், இதற்கு 0.25 தான், கட்டைவிரலுக்கு வேண்டிய அழுத்தம் எவ்வளவு கூடுகிறது என்பது உடனே புரியும். உண்மையான அச்சிடலில் இந்த நெருக்கடியே உயிரணுக்களைச் சிதைக்கிறது. நுண்மையான உருவம் வேண்டுமென்று துளையைச் சுருக்கிக்கொண்டே போக இயலாதது இதனால்தான்.

எனக்கு மிகப் பிடித்த சோதனை அடுத்தது. தடித்த இழை ஒன்றை 5 நொடியிலும், மற்றொன்றை 10 நிமிடத்திலும் வெளியே எடுத்துக் குறுக்கே வெட்டிப் பிதுக்குங்கள். முதலாவதில் தோல் மட்டுமே உறைந்து, உள்ளிருக்கும் கூழ் வழிந்து வெறுங்குழாயாக நிற்கும். இரண்டாவதில் நடுப்பகுதியும் கெட்டிப்பட்டிருக்கும். கால்சியம் வெளியிலிருந்து உள்நோக்கி மெல்ல ஊடுருவுவதே காரணம். இரத்த நாளத்திலிருந்து சுமார் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருக்கும் உயிரணு ஆக்சிஜன் கிடைக்காமல் தவிக்கும் என்பதால், தடித்த திசுவுக்குள் இத்தகைய நுண்குழாய்களை அமைப்பதே இத்துறையின் பெருஞ்சிக்கலாக இருந்து வருகிறது.

ஆல்ஜினேட்டுக்கு ஒரு குறையும் உண்டு: உயிரணுக்கள் பற்றிக்கொள்ள அதில் பிடிமானம் இல்லை. அதனால் ஆய்வகங்களில் ஜெலட்டினையோ, உயிரணுக்கள் ஒட்டக்கூடிய சிறு புரதத் துணுக்குகளையோ அதனோடு சேர்க்கிறார்கள்.

கடைசியாக, ஓர் இழையைச் சோடியம் சிட்ரேட் கரைசலில் போட்டு வைத்தால், அது தளர்ந்து மீண்டும் கூழாகும். இரத்த வங்கிப் பைகளில் கால்சியத்தைப் பிடித்து வைத்து இரத்தம் உறையாமல் காக்கும் அதே சிட்ரேட்தான் இங்கும் கால்சியத்தைப் பறித்துக்கொள்கிறது. உறைந்த கூழுக்குள் வளர்ந்த உயிரணுக்களை மீட்டெடுக்கவும் இது ஒரு வழி. சிட்ரேட் இல்லையென்று எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பார்த்தார் ஒரு மாணவர். அமிலத்தில் ஆல்ஜினேட் கரையாதாகையால், அந்த இழை அப்படியே கிடந்தது.