கேலியா, நக்கலா, அங்கதமா? ஒரு கூடைக் காரல் மீனை வைத்துப் பிரித்துப் பார்ப்போம்

தமிழில் சிரிப்புக்கு மட்டும் இருபது சொல் தேறும். ஆனால் எழுதும்போது எல்லாவற்றையும் 'நகைச்சுவை' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். மீம், நாடக வசனம், மொழிபெயர்ப்பு என்று எதை எழுதத் தொடங்கினாலும் இந்தக் குழப்பம் வரும். எவ்வளவு சிரிப்பு வந்தது என்று அளந்தால் சொல் கிடைக்காது. அந்தப் பேச்சு யார் மேல் விழுகிறது, சொன்னதற்கும் நினைத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால் கிடைக்கும்.

தேவையானவை

ஒரு தாள், இரண்டு அகராதி. இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. எடுத்துக்காட்டு வாக்கியம் தருவதால் இந்த வேலைக்கு அதைவிட நல்லது இல்லை. பழைய பொருள் வேண்டுமென்றால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். மொழிபெயர்ப்புச் செயலியை மூடி வைத்துவிடுங்கள். பேசுகிறவருக்கு என்ன முறை என்று அதற்குத் தெரியாது. இங்கே பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது.

படி 1: ஒரே நிகழ்வை எடுங்கள்

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வோர் உதாரணம் தேடினால் வித்தியாசம் பிடிபடாது. நிகழ்வை மாற்றாமல் பேச்சை மட்டும் மாற்ற வேண்டும். நாம் எடுப்பது இது: பாம்பனில் ஒரு விசைப்படகு பதினைந்து ஐஸ் பார் ஏற்றிக்கொண்டு போய், மறுநாள் விடியலில் ஒரு கூடைக் காரலோடு (விலை குறைந்த பொடி மீன்) கரைக்கு வருகிறது. கரையில் சம்மாட்டி (படகு முதலாளி), ஏலம் எடுக்க வந்தவர்கள், சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள்.

படி 2: யார் மேல் விழுகிறது?

படகில் போனவரே இறங்கி, "மீனைவிட ஐஸ்தான்ப்பா கனமா இருந்துச்சு" என்கிறார். அடி தன் மேலேயே விழுகிறது, யாருக்கும் காயமில்லை. இதற்கு 'நகைச்சுவை' போதும்.

அவருடைய மச்சான், "கடல்ல இருந்து வர்றியா, ஊருணியில இருந்து வர்றியா?" என்கிறான். இது கேலி, கிண்டல் என்றாலும் சரி. இரண்டுக்கும் இடையே கோடு கிழிக்கச் சிலர் மெனக்கெடுகிறார்கள், தேவையில்லை. 'கேலி கிண்டல்' என்று சேர்த்தே சொல்கிற ஊர் நம்முடையது.

கேலிக்கு முறை உண்டு என்பதுதான் முக்கியம். மச்சான், மாப்பிள்ளை, கொழுந்தியாள் கேலி முறை. அதே ஊருணி வசனத்தை மருமகன் மாமனாரிடம் சொன்னால் மரியாதைக் குறைவு. சம்மாட்டி கூலிக்கு வந்தவரிடம் சொன்னால் ஏளனம். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, வகை மாறிவிட்டது. வசனம் எழுதும்போது முதலில் உறவை எழுதிவிட்டு அப்புறம் வாயைத் திறக்கவிடுங்கள்.

படி 3: இடைவெளியை அளங்கள்

ஏலம் எடுக்க வந்த ஒருவர் கேட்கிறார்: "லாரி சொல்லிவிடவா? ஒரு லோடு பத்துமா?"

சொன்னது ஒன்று, நினைத்தது நேர் எதிர். இதுதான் நக்கல். நேரில் இதைக் காட்டிக்கொடுப்பது குரலும் புருவமும். எழுத்தில் அவை இல்லாததால், "நல்ல பாடு போலயே" (பாடு என்றால் கிடைத்த மீன்) என்று மட்டும் எழுதினால் வாசகர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார். இதற்குச் சிரிக்கும் பொம்மை ஒட்டுவது சோம்பேறித்தனம். பொருந்தாத அளவு ஒன்றைப் போடுங்கள்: ஒரு கூடைக்கு ஒரு லாரி. அளவு இடித்தால் நக்கல் தானாகத் தெரியும்.

நக்கல் ஒரு வரியில் முடியும். படகில் போனவர் முந்தின நாள் "பாரு, நாளைக்கு வஞ்சிரமா அள்ளிட்டு வரேன்" என்று மீசையை முறுக்கியதை, நடை, குரல், முறுக்கல் எல்லாவற்றோடும் இன்னொருவன் நடித்துக் காட்டினால் அது நையாண்டி. அதில் போலச்செய்தல் இருக்கும், கொஞ்சம் நீளும். (கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்தை இதோடு குழப்பாதீர்கள். அது நாதஸ்வரமும் தவிலும் பம்பையும் உறுமியும் சேர்ந்த வாத்தியக் கூட்டு.)

"இவனெல்லாம் வலையைத் தொடலாமா?" என்றால் எள்ளல். இதில் இடைவெளியும் இல்லை, விளையாட்டும் இல்லை. பரிகாசம், எகத்தாளம் இரண்டையும் இதன் பக்கத்தில் வையுங்கள். எகத்தாளத்தில் கொஞ்சம் திமிர் கூடும்.

படி 4: சிரிப்பு எங்கே இருக்கிறது, சொல்லிலா பொருளிலா?

"பாடு எப்படி?"
"பாடு எங்கிட்டு? பட்ட பாடுதான்."

மீன்பாடும் படுகிற பாடும் ஒரே சொல்லில் நிற்கின்றன. இது சிலேடை. சோதிக்க எளிய வழி: 'பாடு' என்ற இடத்தில் 'வரத்து' என்று மாற்றிப் பாருங்கள். சிரிப்பு செத்துவிட்டால் சிலேடை. லாரி வசனத்தில் லாரியை மினிலாரி ஆக்கினாலும் நக்கல் நிற்கும்.

படி 5: அங்கதமும் பகடியும் (எல்லாரும் வழுக்கி விழும் இடம்)

மேலே பார்த்ததெல்லாம் ஒரு ஆளின் மேல் விழுந்தவை. இப்போது ஆளை விட்டு நிலைமை மேல் திருப்புங்கள்.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக. படகுக்காரர் ஒருவர் சொல்கிறார்: "மீனுக்கு 61 நாள் லீவு. டிரைவருக்கு 61 நாள் லீவு. நான் வாங்குன கடனுக்கு மட்டும் பாவம், ஒருநாள் லீவு இல்ல, ஓயாம உழைக்குது."

இது அங்கதம். சோதனை: பேச்சில் வரும் ஆட்களை எடுத்துவிட்டு வேறு ஊர் ஆட்களைப் போடுங்கள். மூக்கையூரிலோ தொண்டியிலோ சொன்னாலும் அதே இடத்தில் குத்தினால் அங்கதம். மச்சானின் ஊருணி வசனம் அந்தக் கரையைத் தாண்டினால் நமத்துவிடும்.

இன்னொன்று பார்க்கலாம். கடற்கரையில் எல்லாருக்கும் மனப்பாடமான வானிலை எச்சரிக்கை நடையில்:

"சித்தி வீட்டு அடுப்படி மற்றும் அதனை ஒட்டிய முற்றப் பகுதிகளில் பலத்த வசவு மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும். காரலோடு வந்த சித்தப்பா மறு அறிவிப்பு வரும் வரை வீட்டுக்குள் செல்ல வேண்டாமென அறிவுறுத்தப்படுகிறார்."

இது பகடி. மூலம் ஒன்று இருந்தாக வேண்டும். அதன் நடையை அச்சு மாறாமல் எடுத்து, உள்ளே சம்பந்தமில்லாத சரக்கை ஏற்ற வேண்டும். எச்சரிக்கை அறிவிப்பைக் கேட்டே இராத ஒருவரிடம் இதை வாசித்துக் காட்டினால் சிரிப்பு பாதியாகிவிடும். பகடியில் பெரும்பாலும் கெடுவது நடைதான். நடுவில் "வீசும்னு சொல்றாங்க" என்று ஒரு இடத்தில் பேச்சு வழக்கு நுழைந்தால் மொத்தமும் சரிந்துவிடும். முழு வாக்கியத்தையும் அறிவிப்பு வாசிப்பவர் குரலிலேயே முடியுங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய வழக்கில் பகடி என்றால் வெறும் பரிகாசம்தான். நடையைப் போலச்செய்வது என்ற குறுகிய பொருள் இக்கால விமர்சனத்தில் வந்தது.

அங்கதத்துக்கு இதைவிடப் பெரிய சிக்கல் உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. முதலாவது நேரடி வசை, இரண்டாவது பழியை மறைத்துச் சொல்வது. சிரிக்க வைக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பிரிவில் இல்லை. இன்று நாம் அங்கதம் என்று சொல்வது பெரும்பாலும் இரண்டாவதை மட்டுமே. எனவே பழம்பாடல் உரை ஒன்றில் 'அங்கதம்' என்று கண்டவுடன் சிரிப்பைத் தேடாதீர்கள், வெறும் திட்டாகவும் இருக்கலாம்.

அதே நூலின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடம் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நான்கில் எள்ளல் ஒன்றுதான் தாக்குதல். மற்றவை குழந்தைத்தனம், அறியாமை, சொன்னதை யோசிக்காமல் அப்படியே நம்பிவிடுவது. நம் நகைச்சுவைக் காட்சிகளை இந்த நான்கில் போட்டுப் பாருங்கள். முக்கால்வாசி எள்ளல் கட்டத்திலேயே குவியும்.

படி 6: ஆங்கிலத்திலிருந்து கொண்டுவருபவர்களுக்கு

ஹியூமர் என்ற சொல்லின் வேர் லத்தீனில் ஈரம், திரவம். உடம்பில் ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்கள் ஓடி மனநிலையைத் தீர்மானிக்கின்றன என்ற பழைய மருத்துவத்திலிருந்து வந்தது. அதனால் அது ஒருவரின் சுபாவம். விட் என்பதற்கு வேர் அறிவு. அதற்குச் 'சாதுரியம்' பொருந்தும், 'நகைச்சுவை' பொருந்தாது. சார்கசம் கிரேக்கத்தில் சதையைப் பிய்ப்பது. லேசானதற்கு நக்கல், ரத்தம் வந்தால் குத்தல் என்று போடுங்கள். சட்டயர் அங்கதம், பேரடி பகடி. ஒரே நூலுக்குள் இவற்றை மாற்றி மாற்றிப் போடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

பிற்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டதால் சேர்த்தது. குசும்பு என்பது பேச்சின் வகை இல்லை, ஆளின் குணம்; வாயைத் திறக்காமலே குசும்பு பண்ணலாம். லொள்ளும் அப்படியே, சத்தம் கொஞ்சம் கூடும். விகடம் பழைய சொல், இன்று 'விகடகவி' வழியாகத்தான் பலருக்குத் தெரியும். அந்தச் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தாலும் விகடகவிதான்.

கடி, மொக்கை இரண்டும் எந்தப் படியில் வரும் என்று கேட்டிருந்தார்கள். கடி பெரும்பாலும் படி 4. இரண்டு பொருளில் ஒன்று வலிந்து இழுத்து வந்ததாக இருந்தால் சிலேடை கடியாகிவிடும். மொக்கைக்குப் படியே கிடையாது. மழுங்கின கத்தியை மொக்கைக் கத்தி என்கிறோமே, அதே மொக்கைதான். கேலி, நக்கல், பகடி எதுவும் வெட்டாமல் போனால் அந்தப் பெயரை வாங்கும். லாரி வசனத்தை அதே கரையில் மூன்றாவது முறை சொல்லிப் பாருங்கள்.