சீனாவுல குவாங்சோ நகரத்துக்குப் போறீங்களா, கெளம்புறதுக்கு முன்னாடியே இதை முடிச்சிடுங்க

ஊர்ல இருக்கும்போதே போன்ல அலிபேங்கிற பேமெண்ட் ஆப் போட்டு, பாஸ்போர்ட் வெரிஃபை பண்ணி, உங்க விசா கார்டோ மாஸ்டர்கார்டோ சேர்த்து வச்சிடுங்க, அங்க போய் பாத்துக்கலாம்னு மட்டும் விட்டுடாதீங்க, ரோட்டோர நூடுல்ஸ் கடைல கூட க்யூஆர் அட்டைதான் தொங்கும். ஹோட்டல் அட்ரஸை சீன எழுத்துல ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்குங்க, டாக்ஸிக்காரர்கிட்ட அப்படியே காட்டலாம். ஏப்ரல், அக்டோபர்ல கான்டன் ஃபேர் தொடங்கிடும், 1957லேர்ந்து நடக்குற பெரிய வர்த்தகச் சந்தை, ரூம் வாடகை எகிறிடும், சும்மா சுத்திப் பாக்கப் போறவங்க அந்த நாட்களைத் தவிர்த்துடுங்க. காலைல டீ ஹவுஸ்ல டிம் சம்ங்கிற சின்னச் சின்னப் பலகாரங்களைச் சாப்பிடாம மட்டும் வந்துடாதீங்க! யாராவது உங்க கப்புல டீ ஊத்தினா ரெண்டு விரலால மேசைல மெதுவா தட்டுங்க, அங்க அதான் நன்றி. டீ காலியானா கெட்டில் மூடியைச் சாய்ச்சு வச்சாலே போதும், சுடுதண்ணி ஊத்திட்டுப் போவாங்க.