ஜெர்மனும் ஆங்கிலமும்: இரட்டைப் பாடல்களைக் கேட்கும்போது செய்யும் தவறுகள்

ஒரே பாட்டு ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் நாம் என்ன செய்வோம்? ஜெர்மன் புரியாது; ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு 'ஓ, இதுதான் அர்த்தமா' என்று முடிவுகட்டிவிடுவோம். முதல் தவறே அதுதான்.

மேற்கு ஜெர்மனியின் நேனா குழு 1983-இல் வெளியிட்ட '99 லுஃப்ட்பலோன்ஸ்' ஆங்கிலத்தில் '99 ரெட் பலூன்ஸ்' ஆனது. ஜெர்மன் தலைப்பில் சிவப்பே கிடையாது, வெறும் பலூன்தான். 99-ஐயும் ஜெர்மனிலேயே உச்சரித்தால் அந்தத் தலைப்பில் ஏழு அசை. ஆங்கிலத்தில் 'ரெட்' இல்லாவிட்டால் ஐந்துதான் தேறும், மெட்டு இடிக்கும். பொருளுக்காக இல்லாமல் ஓசையை நிரப்ப மட்டும் வரும் சொல்லை நம் இலக்கணத்தில் இசைநிறை என்போமே, அந்த வேலையைத்தான் 'ரெட்' பார்க்கிறது. அந்தச் சிவப்பு சோவியத் யூனியன்தான் என்று வியாக்கியானம் எழுத உட்கார்ந்தால் வழுக்கிவிடும்.

கதையும் அங்கங்கே மாறுகிறது. பலூன்களை எதிரி என நினைத்துப் போர் மூள்வது இரண்டிலும் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் பொம்மைக் கடையில் பலூன் வாங்கிப் பறக்கவிடுகிறார்கள், மென்பொருள் கோளாறு அபாய அறிவிப்பு கொடுக்கிறது. ஜெர்மனில் கடையும் இல்லை, மென்பொருளும் இல்லை. ஒரு தளபதி போர் விமானங்களை அனுப்புகிறார். பிறகு தீக்குச்சியும் பெட்ரோல் கேனுமாக 99 போர் அமைச்சர்கள் வருகிறார்கள், அதிகார ஆசையில் 'போர்' என்று கூவுகிறார்கள். பழி முழுக்க மனிதர்கள் தலையில். எனக்கு ஜெர்மன் பாட்டு ஒரு படி மேலாகத் தெரிவது இதனால்தான்.

ஆங்கிலத்தில் பாடினால்தான் அமெரிக்காவில் ஓடும் என்பதும் தப்புக்கணக்கு. 1984-இல் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது ஜெர்மன் பாட்டு. ஆங்கிலம் முதலிடம் பிடித்தது பிரிட்டனில்.

அப்புறம், ஜெர்மன்தான் எப்போதும் மூலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பீட்டில்ஸ் 1964 ஜனவரியில், பாரிஸ் ஸ்டூடியோ ஒன்றில், தங்கள் ஆங்கில ஹிட்கள் இரண்டை ஜெர்மனில் பாடினார்கள். 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' பாட்டுக்குப் பழைய இசைப்பதிவின் மேலேயே குரல் சேர்த்தார்கள். 'ஷீ லவ்ஸ் யூ'வுக்குப் பழைய டேப் மிஞ்சவில்லை, வாத்தியங்களையும் புதிதாக வாசிக்க வேண்டியதாயிற்று. குரல் மட்டும்தானே மாறியிருக்கும் என்று விட்டுவிடாமல் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

பாடியவர் யார் என்பதிலும் குழப்பம் உண்டு. 'டெர் கொமிஸார்' என்ற ஜெர்மன் பாட்டைப் பாடிய ஃபால்கோ வியன்னாக்காரர், ஆஸ்திரியர். 1983-இல் அமெரிக்காவில் ஐந்தாம் இடத்துக்கு வந்த அதன் ஆங்கில வடிவமோ 'ஆஃப்டர் தி ஃபயர்' என்ற பிரிட்டிஷ் குழு பாடியது.

சிலேடை இருந்தால் இன்னும் கஷ்டம். ராம்ஸ்டைன் என்ற ஜெர்மன் ராக் குழுவின் 'டூ ஹாஸ்ட்' பாட்டில் 'டூ ஹாஸ்ட் மிஹ்' என்பது காதுக்கு 'நீ என்னை வெறுக்கிறாய்' என்று விழும். 'கேட்டாய்' என்பதற்கான அடுத்த சொல் 'கெஃப்ராக்ட்' வந்ததும் அது 'நீ என்னைக் கேட்டாய்' என்று புரண்டுவிடும். ஆங்கிலத்தில் வெறுப்பு மட்டும் தங்கிவிட்டது.