சில் என்று கத்தாத சில்வண்டு: குகைச் சில்வண்டை வகைப்படுத்தும்போது சறுக்கும் இடங்கள்

குகைச் சில்வண்டு என்ற பெயரில் மூன்று சொற்கள். குகை, சில், வண்டு. மூன்றுமே ஆளைத் தவறான வழியில் அனுப்பும்.

வண்டு இல்லை என்பது எளிது. வெட்டுக்கிளி வரிசையைச் சேர்ந்த பூச்சி இது, குடும்பப் பெயர் ராஃபிடோஃபோரிடே. பலரும் சறுக்குவது 'சில்' என்பதில்தான். ராத்திரியில் கத்தும் சில்வண்டின் நெருங்கிய சொந்தம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கத்தும் சில்வண்டில் ஆண், முன் இறக்கைகளை ஒன்றோடொன்று உரசிப் பாடும். அதைக் கேட்கும் காது முன்னங்கால்களில் இருக்கும். குகைச் சில்வண்டுக்கு எந்த வயதிலும் இறக்கை கிடையாது, முன்னங்காலில் காதும் கிடையாது. பாதத்தையும் எண்ணிப் பாருங்கள். கத்தும் சில்வண்டுக்குப் பாதத்தில் மூன்று கணு, இதற்கு நான்கு. வகைப்பாட்டில் இது பச்சை நிற, நீள உணர்கொம்பு வெட்டுக்கிளிகள் இருக்கும் கிளையில்தான் வருகிறது. முதுகு கூன் விழுந்திருப்பதால் ஒட்டகச் சில்வண்டு என்றும் சொல்வார்கள். அது தனி விலங்கு என்று எண்ணிப் பட்டியலில் இரண்டாக எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது குகை. இந்தக் குடும்பத்தில் 800-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் பல, குகைப் பக்கமே போவதில்லை. காட்டில் உதிர்ந்த இலைகளுக்கு அடியில், மரப்பொந்தில், கல்லிடுக்கில் வாழ்கின்றன. கலிபோர்னியாவின் கம்மரோடெட்டிக்ஸ் என்ற பேரினம் மரத்தில் இருக்கும். கொலராடோவின் பெரும் மணற்குன்றுகளில் மணலைத் தோண்டி வாழ்பவையும் உண்டு. ஈரமும் இருட்டும்தான் இந்தக் குடும்பத்தில் பலவற்றுக்கும் பிடித்தவை. குகையில் அவை இரண்டும் கிடைக்கின்றன, அவ்வளவுதான்.

குகையில் இருப்பவையும் முழுநேரக் குகைவாசிகள் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் கென்டக்கியின் மாமத் குகையில் உள்ள ஹடெனோகஸ் என்ற குகைச் சில்வண்டு பகலில் குகைக் கூரையில் கூட்டமாகத் தொங்கும். சில இரவுகளில் வெளியே போய் வயிறு நிறையத் தின்றுவிட்டுத் திரும்பும். குருடும் இல்லை. அதன் எச்சம்தான் வெளிச்சமே எட்டாத இடத்தில் சிற்றுயிர்களுக்குச் சாப்பாடு. பெண், வாள் போன்ற முட்டையிடும் உறுப்பை மணலில் செருகி முட்டையை உள்ளே வைக்கும். அந்த இடத்தைத் தேடித் தோண்டித் தின்னவே நியாஃபனோப்ஸ் என்ற வண்டு அங்கே அலைகிறது. அந்த 'வாளை'க் கொடுக்கு என்று பயப்படுகிறவர்களும் உண்டு. இது கொட்டாது.

வீட்டுப் பூச்சியிலும் ஒரு குழப்பம். வட அமெரிக்க வீடுகளின் அடித்தளத்தில் தாவுவதெல்லாம் அந்த ஊர்ப் பூச்சி என்றே நெடுநாள் நம்பினார்கள். பொதுமக்கள் அனுப்பிய தகவல்களையும் படங்களையும் வைத்து 2014-ல் வெளியான ஆய்வு, பெரும்பாலானவை ஆசியாவிலிருந்து வந்தவை என்று காட்டியது. அந்த ஆசிய இனமே பழைய நூல்களில் டைஸ்ட்ராம்மெனா, புதியவற்றில் டாக்கிசைன்ஸ். பெயர் மாறியது, பூச்சி அதேதான்.

நியூசிலாந்துக்குப் போனால் வேறு சிக்கல். அங்கே மாவோரி மொழியின் 'வேட்டா' என்ற சொல், இந்தக் குடும்பத்தையும் வேறொரு குடும்பத்தையும் சேர்த்தே குறிக்கிறது. உடல் கனத்த ராட்சத வேட்டாவும் மர வேட்டாவும் அந்த இன்னொரு குடும்பம். மெலிந்து, கொம்பு மிக நீண்ட குகை வேட்டாதான் நம்முடையது. அதன் துணைக்குடும்பமான மாக்ரோபாத்தினே ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, ஃபாக்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்காவின் டேபிள் மலை வரை சிதறிக் கிடக்கிறது. பறக்கத் தெரியாத பூச்சி இத்தனை கடல் தாண்டியதா? ஒரே நிலமாக இருந்த கோண்டுவானா உடைந்ததோடு இதைச் சேர்த்துப் படிப்பது வழக்கம்.

ஒரு படத்தை வைத்து இனப் பெயர் சொல்லும் அவசரம்தான் எனக்கு எரிச்சல் தருவது. மற்ற வெட்டுக்கிளிகளில் இறக்கை மொட்டைப் பார்த்துக் குஞ்சு என்று கண்டுபிடிக்கலாம். இதில் அந்த அடையாளமே இல்லை, குஞ்சு பெரியதின் சிறிய அச்சு. பல இனங்களைப் பிரிக்க, வளர்ந்த ஆணின் பின்னங்கால் முட்களையும் இனப்பெருக்க உறுப்பையும் பார்த்தாக வேண்டும். படத்தில் அவை தெரியவில்லையா, குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. குடும்பத்துக்குப் பெயர் கொடுத்த ராஃபிடோஃபோரா என்ற பேரினத்தை இணையத்தில் தேடினால் கொடிகளும் ஓட்டை விழுந்த இலைகளும் வந்து நிற்கும். அதே பெயரில் ஒரு தாவரமும் உண்டு. விலங்குக்கும் தாவரத்துக்கும் பெயரிடும் விதிகள் தனித்தனி என்பதால் இரண்டுமே செல்லும். 'பூச்சி' என்று சேர்த்துத் தேடுங்கள்.