ஏசி ஓடவில்லையா? மெக்கானிக்கை அழைக்கும் முன் பாருங்கள்

சேலத்தின் சித்திரை வெயிலில் ஏசி குளிரூட்ட மறுத்தால், முதலில் ரிமோட்டின் திரையைப் பாருங்கள். பனிப்படிகக் குறி தெரிந்தால்தான் அது குளிரூட்டும் நிலையில் இருக்கிறது. விசிறிக் குறி இருந்தால் வெறும் காற்று மட்டுமே வரும்.

அடுத்து வெப்பநிலை அளவு. அறையின் சூட்டைவிட நாம் வைத்த அளவு குறைவாக இருக்கும்போதுதான் தெர்மோஸ்டாட் (வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி) கம்ப்ரசரை (குளிரூட்டும் வாயுவை அழுத்தும் இயந்திரம்) ஓடவிடும் என்பதால், அறையே 22 டிகிரியில் இருக்கும் ஏற்காட்டு மாலையில் 24 என வைத்துவிட்டுக் கம்ப்ரசரின் சத்தத்தை எதிர்பார்க்கக் கூடாது. சோதனைக்காக 18க்குக் குறைத்துப் பாருங்கள்.

பலரும் தவறுவது காத்திருப்பதில்தான். மின்தடைக்குப் பின் கம்ப்ரசருக்குள் வாயுவின் அழுத்தம் சமநிலைக்கு வர அவகாசம் வேண்டும் என்பதற்காக, ஏசியும் ஸ்டெபிலைசரும் சுமார் 3 நிமிடம் தாமதித்தே அதை இயக்குகின்றன. அந்த இடைவெளியில் சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போட்டு அணைத்தால் காத்திருப்பு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும், கம்ப்ரசருக்கும் நல்லதல்ல. ஆகவே தயவுசெய்து பொறுமையாக 5 நிமிடம் விடுங்கள். மின்னழுத்தம் மிகவும் குறைந்திருந்தாலும் ஸ்டெபிலைசர் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

ரிமோட்டுக்குப் புதிய பேட்டரியும் போட்டுப் பாருங்கள். எம்சிபி (அதிக மின்சாரம் பாய்ந்தால் தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்திருந்தால் ஒருமுறை மட்டும் தூக்கிவிடலாம். மறுபடியும் விழுந்தால் தொடாமல் எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.