திபேரியஸ் வெள்ளிக்காசு கையில் கிடைத்தால்

முதலில் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. கோவையில் நகைப்பட்டறையில் வளர்ந்தவன் நான். கறுத்த வெள்ளியைக் கண்டால் கை சும்மா இருக்காது. முதன்முதலாக ஒரு தெனாரியஸ், அதாவது ரோமானிய வெள்ளிக்காசு, கிடைத்தபோது புளியும் பல்பொடியும் போட்டுத் தேய்த்தேன். காசு பளபளத்தது, அதிலிருந்த ரோமப் பேரரசர் திபேரியஸின் நெற்றிமுடி போய்விட்டது. இப்போதெல்லாம் ஓரத்தை இரண்டு விரலால் பிடிப்பதோடு சரி.

அப்புறம் தராசு. இந்தக் காசு பெரும்பாலும் 3.6 முதல் 3.8 கிராம் வரை நிற்கும். அரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவு. ரொம்பக் குறைந்தால் ஓரத்தையும் மூக்கு நுனியையும் லென்ஸில் பாருங்கள். உள்ளே செம்பு தெரிந்தால் முலாம். அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ரோமர் காலத்துக் கள்ளக்காசும் இப்படித்தான் இருந்தது. ஓரத்தைச் சுற்றி வார்ப்புக் கோடு ஓடினால்தான் என் முகம் சுருங்கும். அசல் காசு இரண்டு அச்சுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்தது. தலை நடுவில் உட்காராமல் ஒதுங்கியிருப்பதும் அதனால்தான்.

சரி, இனி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். வலப்பக்கம் பார்த்த முகம், தலையில் வாகைமாலை, அதன் நாடா பிடரியில் தொங்கும். எல்லாரும் முகத்திலேயே நின்றுவிடுவார்கள். நான் லத்தீன் எழுத்தைத்தான் படிக்கச் சொல்வேன். 'யூ' வர வேண்டிய இடத்தில் 'வி' இருக்கும், குழம்ப வேண்டாம். 'தி கைசர் திவி ஔக் ஃப் ஔகுஸ்துஸ்'. 'ஃப்' என்ற ஒற்றை எழுத்து 'ஃபிலியுஸ்', அதாவது மகன். தெய்வமாகிவிட்ட முந்தைய பேரரசர் அகஸ்டஸின் மகன் என்கிறது காசு. உண்மையில் பெற்ற மகன் இல்லை, அகஸ்டஸின் மனைவி லிவியாவின் முதல் திருமணத்துப் பிள்ளை, கி.பி. 4-இல் தத்தெடுத்தார்.

பின்பக்கம் 'பொந்திஃப் மாக்ஸிம்', தலைமைக் குரு. நடுவில் ஒரு பெண் நாற்காலியில், ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் கிளை. லிவியா என்று பலர் சொல்வார்கள். பெயர் பொறிக்கவில்லை, நானும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

முடிந்தால் பக்கத்தில் அகஸ்டஸின் காசு ஒன்றையும் வையுங்கள். அதன் பின்பக்கம் இரண்டு பையன்கள், நடுவே கேடயமும் ஈட்டியும். பேரன்கள் கையுஸ், லூக்கியுஸ். இவர்களையும் அகஸ்டஸ் தத்தெடுத்திருந்தார், அடுத்து ஆள வேண்டியவர்கள் இவர்கள்தான். லூக்கியுஸ் கி.பி. 2-இலும் கையுஸ் 4-இலும் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அந்த 'ஃப்' திபேரியஸுக்கு வந்தது.

கொங்கு நாட்டுப் புதையல்களில் அதிகம் வருவது இந்த இரண்டு வகையும்தான். முதலில் இவற்றைப் பழகிக்கொள்ளுங்கள், பின்னால் வந்த பேரரசர் நீரோவின் காசுக்கெல்லாம் அப்புறம் போகலாம்.